ஹெட்லைட் பல்பு வாங்கும் முன்: செட்டிநாட்டு ராத்திரி ரோட்டுக்கான கேள்வி பதில்

காரைக்குடியில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். ஹெட்லைட் விஷயமாக வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டியை விட்டு இறங்கும்போதே "நல்லா வெள்ளையா, பளிச்சுன்னு ஒரு பல்பு போட்டுவிடுங்க" என்கிறார்கள். பளிச்சென்று இருப்பது வேறு, ரோடு தெரிவது வேறு. இரண்டும் ஒன்று என்று நம்பிக் காசைக் கொட்டுகிறவர்களைப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கிறது. திருமயம் ரோட்டிலும் தேவகோட்டை ரோட்டிலும் ராத்திரியில் ஓட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அண்ணே, வண்டி வாங்கி எட்டு வருஷம் ஆச்சு. லைட் மங்கிப்போச்சு. எந்தப் பல்பு போடலாம்?

பல்பை அப்புறம் பார்க்கலாம், முதலில் டூமை, அதாவது பல்பு உட்காரும் ஹெட்லைட் கூட்டையும் அதன் முன் மூடியையும் பாருங்கள். பகலில் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தால், ஹெட்லைட்டின் மேல் பகுதி மஞ்சள் பூத்து, பால் படிந்த மாதிரி இருக்கும். இப்போதைய டூம்கள் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். நம் ஊர் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதன் மேல்பூச்சை அரித்துவிடும். அதன் மேல் செம்மண் தூசி உரசி உரசி இன்னும் சொரசொரப்பாகும். இந்த மங்கல் வெளிச்சத்தைக் குறைப்பதோடு நிற்காது, மேலேயும் பக்கத்திலும் சிதறடிக்கும். உங்களுக்கு ரோடு தெரியாது, எதிரில் வருகிறவருக்குக் கண் கூசும்.

800, 1500, 2000 நம்பர் உப்புத்தாளில் (எமரி பேப்பர்) தண்ணீர் தொட்டு வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு கொடுத்தால் டூம் திரும்பத் தெளிவாகும். அந்தக் கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் சில மாதத்தில் பழையபடி மங்கிவிடும். பற்பசை போட்டுத் தேய்ப்பதும் அப்படித்தான், கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும்.

உள்ளே வெளிச்சத்தை முன்னால் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர் வெள்ளிப் பளபளப்பு போய்க் கருத்திருந்தால் பாலிஷ் வேலைக்கு ஆகாது. டூமையே மாற்ற வேண்டியதுதான்.

டூம் தெளிவா இருக்கு, பல்பும் புதுசு. அப்பவும் மங்கலா எரியுது, ஏன்?

வயர். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் மீட்டர் வைத்தால் 14 வோல்ட் அளவு காட்டும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, பல்பின் பின்னால் வயர் வந்து சேரும் கப்ளரில் மீட்டர் முனையைச் செருகிப் பாருங்கள். பழைய வண்டிகளில் 12-க்கும் கீழே வந்து நிற்கும். இடையில் காணாமல் போன 2 வோல்ட் ஒல்லி வயரிலும், சுவிட்சிலும், பச்சை பூத்த எர்த் முனையிலும் சூடாகப் போய்விடுகிறது.

2 வோல்ட்தானே என்று நினைக்கக்கூடாது. ஹாலோஜன் பல்பில் (உள்ளே சுருள் எரியும் வழக்கமான கார் பல்பு) வோல்ட் கொஞ்சம் இறங்கினாலே வெளிச்சம் மளமளவென்று இறங்கிவிடும். 13.2 வோல்ட்டில் 1000 லூமென் (வெளிச்சத்தின் அளவு) கொடுக்கும் டிம் லைட், 12 வோல்ட்டில் சுமார் 720 லூமென்தான் தரும். 11.5 வோல்ட்டில் ஏறக்குறைய 625. உலகத்திலேயே உயர்ந்த பல்பை வாங்கிப் போட்டாலும் இந்த நஷ்டம் அப்படியேதான் இருக்கும்.

இதற்கு மருந்து ரிலே வயரிங். ரிலே என்பது கொஞ்சம் மின்சாரத்தால் தட்டினால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான வயர், வழியில் ஒரு ஃபியூஸ், டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. பழைய சுவிட்ச் ரிலேவைத் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்யும். எர்த் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கவும் வேண்டும். பழைய வண்டிக்காரர் யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் லைட் எரியும் புது வண்டிகளில் மட்டும் வயரை வெட்டி ஒட்டும் வேலை வேண்டாம்.

வாட், லூமென், கெல்வின்... பெட்டியில மூணும் போட்டிருக்கு. எதைப் பார்க்கணும்?

வாட் என்பது பல்பு இழுக்கும் மின்சாரம். லூமென் என்பது வெளியே வரும் மொத்த வெளிச்சம். கெல்வின் என்பது அந்த வெளிச்சத்தின் நிறம். கெல்வின் ஏறினால் வெளிச்சம் ஏறும் என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. அது தவறு.

மெழுகுவர்த்தி சுமார் 1900 கெல்வின். சாதாரண ஹாலோஜன் 3200 பக்கம். கம்பெனியிலிருந்தே வரும் செனான் விளக்கு 4200 சுற்றி. நடுப்பகல் வெயில் 5500 அளவு. அதற்கு மேலே போகப் போக நீலம். 8000 என்று எழுதிய பல்பு அப்பட்டமான நீலம்தான்.

லூமெனுக்கு ஓர் அளவு சொல்கிறேன். ஆல்டோ, வேகன்ஆர் போலப் பல சின்ன கார்களில் இருக்கும் எச்4 பல்பு 60/55 வாட். 13.2 வோல்ட்டில் பிரைட் சுமார் 1650 லூமென், டிம் சுமார் 1000. டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனிப் பல்பு உள்ள வண்டிகளில் வரும் எச்7, 55 வாட்டில் சுமார் 1500. ஒரு ஹாலோஜன் பெட்டியில் 5000 லூமென் என்று போட்டிருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

அப்போ நம்ம ஊருக்கு எந்த நிறம்?

ஹாலோஜன் என்றால் நீலப் பூச்சு இல்லாத, 3200 முதல் 3500 கெல்வினுக்குள் இருக்கும் பல்பு. இது என் தீர்மானமான கருத்து.

ஹாலோஜன் வெளிச்சத்தில் சிவப்பும் மஞ்சளும் நிறைய இருக்கும். நம் ரோட்டோரம் பூராவும் செம்மண். தார் எங்கே முடிகிறது, மண் எங்கே ஆரம்பிக்கிறது என்பதுதான் ராத்திரியில் நமக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது. செம்மண்ணும், செவலை மாடும், காய்ந்த புல்லும் இந்த வெளிச்சத்தில் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். நீலம் தூக்கலான வெள்ளையில் எல்லாம் சாம்பல் நிறத்துக்குப் பக்கத்தில் போய்விடும்.

ஹாலோஜனை "வெள்ளை" ஆக்க என்ன செய்கிறார்கள் என்றால், கண்ணாடிக்கு நீலப் பூச்சு கொடுக்கிறார்கள். பூச்சு மஞ்சளையும் சிவப்பையும் வடிகட்டுகிறது, புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. போன வெளிச்சத்தை ஈடுகட்டச் சுருளை இன்னும் சூடாக எரிய விடுகிறார்கள், அதனால் ஆயுசும் குறைகிறது. பார்க்க அழகு, பயன் குறைவு.

"130 சதவீதம் கூடுதல் வெளிச்சம்"னு எழுதியிருக்கிற பல்பு உண்மையிலேயே அவ்வளவு தருமா?

அந்தச் சதவீதம் மொத்த வெளிச்சத்துக்கு அல்ல. ரோட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில், விதிப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுச் சொல்வது. மற்றபடி இவை நல்ல பல்புகள்தான். சுருள் மெலிதாக, சரியான இடத்தில், நெருக்கமாகச் சுற்றியிருக்கும். அதனால் வெளிச்சம் தூரத்தில் குவியும். பிலிப்ஸ், ஆஸ்ராம் இரண்டிலும் இந்த ரகம் உண்டு. 60/55 வாட்தான், வயருக்குத் தொந்தரவு இல்லை.

ஆயுசு குறைவு என்பதைத் தெரிந்தே வாங்குங்கள். தினமும் ராத்திரி திருச்சி போய் வருகிறவருக்கு இது செலவுக்கு ஏற்ற பொருள். வாரம் ஒரு தடவை பள்ளத்தூருக்கும் கானாடுகாத்தானுக்கும் போய் வருகிறவருக்கு சாதாரணப் பல்பே போதும். போலி நிறைய வருகிறது, பில் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். பல்பின் அடிப்பாகத்தில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஒரு நம்பரும் பொறித்திருக்க வேண்டும்.

100/90 வாட் பல்பு போட்டுக்கலாமா?

வேண்டாம். 100 வாட் பல்பு ஒன்று 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பெனி வயரும் சுவிட்சும் 5 ஆம்பியர் அளவுக்குப் போட்டவை. ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் பூச்சு கருகும், டிம்மில் கூட எதிர் வண்டிக்காரர் கண்ணைப் பறிக்கும்.

எல்இடி பல்பு போட்டா கரண்டும் மிச்சம், வெளிச்சமும் ஜாஸ்தின்னு சொல்றாங்களே?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஒரு எச்4 ஹாலோஜன் பல்பைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். உள்ளே இரண்டு சுருள். நுனிப் பக்கம் இருப்பது டிம், அடிப் பக்கம் இருப்பது பிரைட். டிம் சுருளுக்குக் கீழே சின்னக் கரண்டி மாதிரி ஓர் உலோகத் தகடு இருக்கும். அதன் ஒரு ஓரம் லேசாகச் சரிந்திருக்கும். டிம் எரியும்போது வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப் பாதியில் படாமல் தடுப்பது அந்தத் தகடுதான். சுவரில் அடித்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று கோடு போட்ட மாதிரி விழுவதும், இடது பக்கம் மட்டும் அந்தக் கோடு மேலே ஏறுவதும் அதனால்தான். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், இடது ஓரத்தில் நடப்பவர்கள் தெரிய வேண்டும், வலது பக்கம் எதிரே வருகிறவருக்குக் கூசக்கூடாது. டூமின் ஒவ்வொரு வளைவும் அந்தச் சுருள் இருக்கும் இடத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டு அச்செடுக்கப்பட்டது. மில்லிமீட்டர் அளவு நகர்ந்தாலே கோடு கலைந்துவிடும்.

எல்இடி பல்பில் சுருள் கிடையாது. தட்டையான பலகையின் இரண்டு பக்கமும் வெளிச்சம் தரும் சில்லு (சிப்) ஒட்டியிருக்கும், வெளிச்சம் இரண்டு பக்கமாகப் பாயும். சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அந்தச் சுருளின் இடத்தையும் அளவையும் ஒட்டி வருவதில்லை. மொத்த வெளிச்சம் கூடுதலாகவே இருக்கட்டும், அது போய் விழும் இடம் சரியில்லை. வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பளபளவென்று இருக்கும், ஓட்டுகிறவருக்கு சந்தோஷமாகவும் இருக்கும். ஆனால் கிட்டத்தில் அவ்வளவு வெளிச்சம் விழுந்தால் கண் அதற்குப் பழகிச் சுருங்கிக்கொள்ளும். தூரத்து இருட்டில் நிற்கிற மாடு முன்னைவிடத் தாமதமாகத்தான் தெரியும். நிறைய வெளிச்சம், குறைந்த பார்வை என்பது இப்படித்தான் நடக்கிறது.

சூடு இன்னொரு பிரச்சினை. எல்இடி முன்பக்கம் சூடு விடாது, பின்பக்கம் விடும். அதற்கு விசிறி வைத்திருப்பார்கள். சித்திரை வெயிலில், இன்ஜின் சூட்டில், செம்மண் தூசி அடைத்த விசிறி எத்தனை நாள் சுற்றும்? சூடேறினால் வெளிச்சம் தானாகக் குறையும். கடை வாசலில் போட்டவுடனே பார்த்துத் திருப்திப்படாமல், கால் மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். பின்னால் ரப்பர் மூடி சரியாக மூடாமல் விட்டால் ஐப்பசி மழையில் டூமுக்குள் ஈரம் கட்டும்.

ஜெர்மனியில் சில எல்இடி பல்புகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அதுவும் எந்தக் காரின் எந்த டூமில் சோதித்தார்களோ அதற்கு மட்டும். எல்லா வண்டிக்கும் பொதுவாக ஒரே எல்இடி பல்பு என்பது இல்லை.

கம்பெனியே எல்இடி ஹெட்லைட் கொடுத்திருந்தால் அது வேறு கதை. லென்சும் ரிஃப்ளெக்டரும் அந்தச் சில்லுக்காகவே செய்தவை. அதை யாரும் தொட வேண்டாம்.

ஃபோகஸ் சரியா இருக்கான்னு நாமே பார்க்க முடியுமா?

தாராளமாக. நம் ஊரில் இதற்கு வசதி ஜாஸ்தி. ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் புழக்கடையுமாக நீளும் பெரிய வீடுகளின் மதில் எந்த ஊரில் இல்லை? தரை சமமாக இருக்கும் இடமாகப் பாருங்கள்.

டயர் காற்று சரியாக இருக்கட்டும். ஓட்டுகிறவர் ஸீட்டில் ஒருவர் உட்காரட்டும். டேஷ்போர்டில் ஹெட்லைட் உயரம் மாற்றும் சக்கரம் இருந்தால் 0-வில் வையுங்கள். மதிலிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்தி, தரையிலிருந்து பல்பின் நடு உயரத்தை அளந்து, அதே உயரத்தில் மதிலில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல் ஓரம் அந்தக் கோட்டுக்கு 10 முதல் 13 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். சில வண்டிகளில் இந்த அளவு சதவீதமாக டூமின் மேலேயோ பானட்டுக்குள்ளேயோ எழுதியிருக்கும். அப்படி இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சில சென்டிமீட்டர் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். பல்பு 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, 10 மீட்டரில் 10 சென்டிமீட்டர் இறங்கினால் டிம் வெளிச்சம் 65 மீட்டர் வரை ரோட்டில் விழும். 15 சென்டிமீட்டர் இறங்கினால் 43 மீட்டரிலேயே முடிந்துவிடும். ஒரு டிகிரி மேலே தூக்கிவிட்டாலோ வெளிச்சம் தரையில் விழாது, எதிர் வண்டிக்காரர் முகத்தில்தான் விழும்.

பின் ஸீட்டில் மூன்று பேர், டிக்கியில் கல்யாணச் சீர் சாமான் என்று ஏற்றினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அப்போது அந்தச் சக்கரத்தை 2-க்கோ 3-க்கோ திருப்பி வெளிச்சத்தை இறக்க வேண்டும். அந்தச் சக்கரம் எதற்கு என்றே தெரியாமல் வருஷக்கணக்காக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வெளிநாட்டு டூம் ஆன்லைன்ல மலிவா கிடைக்குது, வாங்கலாமா?

வலது பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த டூமில் வெளிச்சக் கோடு வலது பக்கம் மேலே ஏறும். இங்கே அது எதிரே வருகிறவரின் கண்ணுக்கு நேராகப் போகும். வாங்காதீர்கள்.

மழையிலும் மார்கழிப் பனியிலும் மஞ்சள் லைட்தான் நல்லதா?

பாதி உண்மை. பனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் எந்த நிறமாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். மஞ்சள் பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்பது சரியில்லை. ஆனால் திரும்பி வரும் வெளிச்சத்தில் நீலம் குறைவாக இருந்தால் கண் கூச்சம் குறையும், அந்த அளவில் மஞ்சள் சௌகரியம்தான். பிரான்ஸில் 1993 வரைக்கும் கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட்தான் சட்டம்.

பனியில் நிறத்தைவிட முக்கியம் உயரம். பம்பருக்குக் கீழே இருக்கும் பனி விளக்கு, டிம், குறைந்த வேகம். பிரைட் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

மழையில் வேறு கஷ்டம். ஈரத் தார் கண்ணாடி மாதிரி ஆகி வெளிச்சத்தை முன்னால் தள்ளிவிடும், உங்களிடம் திரும்பி வராது. எந்தப் பல்பும் இதை மாற்றாது. வைப்பர் ரப்பரை மாற்றி, முன் கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள். உள்பக்கம் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் எதிர் விளக்கை நட்சத்திரம் மாதிரி விரிக்கிறது.

எதிர் வண்டி டிம் பண்ணாம வந்தா ஒண்ணுமே தெரியலை. என்ன செய்யறது?

அவர் விளக்கைப் பார்க்காதீர்கள். பார்வையை இடது ஓரக் கோட்டுக்கு மாற்றி, வேகத்தைக் குறையுங்கள். பதிலுக்கு நீங்களும் பிரைட்டிலேயே போனால் இரண்டு பேரும் கண் தெரியாமல் ஒருவரை ஒருவர் கடக்கிறீர்கள். கூச்சம் அடித்த கண் தேற சில நொடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடுவோம்.

காருக்குள் விளக்கை அணைத்துவிடுங்கள், டேஷ்போர்டு வெளிச்சத்தையும் போன் திரையையும் குறையுங்கள். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக அரை மணி நேரம் வரை எடுக்கும், ஒரு நிமிஷம் போனைப் பார்த்தாலும் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். ராத்திரி ஓட்ட என்று விற்கும் மஞ்சள் கண்ணாடி வேண்டாம். அது கண்ணுக்கு வரும் மொத்த வெளிச்சத்தைத்தான் குறைக்கிறது. பவர் கண்ணாடி போடுகிறவர்கள் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு உள்ளதாக வாங்கினால் நல்ல வித்தியாசம் தெரியும்.

எங்க அப்பச்சிக்கு 65 வயசு. ராத்திரி ஓட்டக் கஷ்டமா இருக்குன்னு பெரிய லைட் போடச் சொல்றாங்க.

அப்பச்சிக்கு லைட்டுக்கு முன்னால் கண் பரிசோதனை. 20 வயதில் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போகிறது என்பது கண் மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கண்மணி முன்போல விரியாது, லென்சும் மஞ்சளாகும். புரை ஆரம்பித்திருந்தால் எதிர் விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரியும். வெள்ளை எல்இடி போட்டால் அந்தக் கூச்சம் இன்னும் கூடும். மதுரைக்குப் போய்க் கண்ணைக் காட்டி, புரை இருந்தால் எடுத்துவிட்டால், எந்தப் பல்பும் தராத வெளிச்சம் திரும்பக் கிடைக்கும். அதுவரை பெரியவர் இருட்டும் முன் வீடு வந்து சேரும்படி பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல பல்பு, சரியான ஃபோகஸ் எல்லாம் இருந்தா எவ்வளவு வேகம் போகலாம்?

டிம்மில், கறுப்பு உடுப்பு போட்டு நடக்கிறவர் 40, 50 மீட்டருக்கு முன்னால்தான் கண்ணுக்குத் தட்டுப்படுவார். 60 கிலோமீட்டர் வேகத்தில், மூளை உணர்ந்து கால் பிரேக்குக்குப் போகவே சுமார் 25 மீட்டர் ஓடிவிடும், அப்புறம் நிற்க 20 மீட்டர். ஆக 45. 80-இல் இதே கணக்கு கிட்டத்தட்ட 70 மீட்டர் ஆகும். அதாவது 80-இல் டிம் போட்டு ஓட்டும்போது, அவரைப் பார்த்த பிறகு பிரேக் அடித்தாலும் வண்டி நிற்காது. ரோடு காலியாக இருக்கும்போது பிரைட்டைப் போடச் சொல்வது அதற்காகத்தான். எதிரே விளக்கு தெரிந்தவுடன் டிம்.

தைப்பூசத்துக்கு முன்னால் உள்ள நாட்களில் இந்தக் கணக்கை மனசில் வைத்தே ஆக வேண்டும். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் என்று பழனிக்குக் காவடியோடும் பாதயாத்திரையாகவும் போகிறவர்கள் விடியலுக்கு முன்பே இருட்டில் நடப்பார்கள். முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் தூரத்திலேயே தெரிவார்கள், ஒட்டாதவர்களும் அவர்களுக்குள்ளேயே நடந்து வருவார்கள். கூட்டத்தைப் பார்த்தால் டிம் பண்ணி, 30-க்கு இறங்கிப் போங்கள். உங்கள் வீட்டிலிருந்து யாராவது நடக்கிறார்கள் என்றால் பையிலும் சட்டையிலும் அந்த ஸ்டிக்கரை நீங்களே ஒட்டி அனுப்புங்கள்.

ஐயா காலத்து அம்பாசிடர் வீட்ல நிக்குது. அதுக்கு?

வட்டக் கண்ணாடி டூம், உலோக ரிஃப்ளெக்டர். ஹாலோஜனுக்கு இதைவிடத் தோதான வீடு கிடையாது. எச்4 ஏற்கும் நல்ல டூம், சாதாரண 60/55, அப்புறம் ரிலே வயரிங். இத்தனை வருஷ வயரில் வோல்ட் நஷ்டம் அதிகமாக இருப்பதால் ரிலேவுக்கு உடனே பலன் தெரிவது இந்த வண்டிகளில்தான்.

போலீஸ், ஆர்டிஓ பிடிப்பாங்களா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஜீப் கூரையில் நீளமாக எல்இடி பட்டை கட்டுகிறவர்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

பல்பை நானே மாத்தலாமா?

மாற்றலாம். விளக்கை அணைத்து நன்றாக ஆறவிடுங்கள். கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் படிந்த இடம் அதிகமாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போகும். தெரியாமல் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். எச்4-இல் மூன்று காது இருக்கும், ஒரே விதமாகத்தான் உட்காரும். சரியாக உட்காராமல் கிளிப்பை அழுத்தி மாட்டினால் ஃபோகஸ் போய்விடும். ரப்பர் மூடியை முழுசாகப் போடுங்கள். ஒரு பக்கம் போனால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், இன்னொன்றும் அதே வயசுதான். கழற்றியதில் எரிகிறதைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் வைத்து டேஷ்போர்டு அறையில் போட்டுவையுங்கள். தொண்டி ரோட்டில் நடுராத்திரி பல்பு போனால் அது உதவும்.